டீம் இருக்கு சார்

விமானக் கதவை மூடியதும் ஒலிபெருக்கியில் பெயர்கள் வரும். உங்கள் கேப்டன் இன்னார், துணை விமானி இன்னார், உங்களைக் கவனிக்க இன்னின்னார். கேப்டனுக்கு முழுப்பெயர், பணிப்பெண்களுக்குப் பாதிப்பெயர் என்று அதற்குள்ளும் ஒரு மேல் கீழ் உண்டு. பதினைந்து வருடமாகத் திங்கட்கிழமை காலைகளில் டொராண்டோவிலிருந்து வேலைக்காகப் பறக்கிறேன். அந்தப் பெயர்களை யாரும் காதில் வாங்கிப் பார்த்ததில்லை.

அவை பல நாட்களில் அந்தக் குழுவினருக்கே புதிய பெயர்கள். பெரிய நிறுவனங்களில் விமானிகள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். பணிப்பட்டியல் யாரை யாரோடு சேர்க்கிறதோ அதுதான் அன்றைய குழு. 2009 ஜனவரி 15 அன்று ஹட்சன் ஆற்றில் விமானத்தை இறக்கி 155 பேரையும் பிழைக்கவைத்த சல்லன்பெர்கரும் துணை விமானி ஸ்கைல்ஸும் அந்த வாரம்தான் முதன்முதலாகச் சந்தித்திருந்தார்கள். அதனால் பயணிகள் ஏறுவதற்கு முன்பே குழு கூடிப் பெயரும் பொறுப்பும் சொல்லிக்கொள்கிறது. நமக்குக் கேட்பது இரண்டாம் தடவை.

பேசிப் பழகாத குழு என்ன ஆகும் என்பதற்கு 1977 மார்ச் 27 இருக்கிறது. டெனரீஃப் தீவில், மூடுபனியில், இரண்டு ஜம்போ விமானங்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் இறந்தார்கள். எதிரிலுள்ள விமானம் விலகிவிட்டதா என்று கேஎல்எம் விமானத்தின் பொறியாளர் கேட்டார். கேப்டன் அந்த நிறுவனத்தின் பெரிய பயிற்சியாளர். விலகிவிட்டது என்றார். பொறியாளர் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. மூத்தவர் சொன்னபிறகு வாய் திறக்கக்கூடாது என்று வளர்ந்த நமக்கு அந்த மௌனத்தை விளக்கத் தேவையில்லை. 1979இல் நாசா கூட்டிய பட்டறையிலிருந்து, கீழே உள்ளவரைப் பேசவைக்கும் பயிற்சிகள் தொடங்கின.

மருத்துவர்களும் இந்தப் பாடத்தை எடுத்துக்கொண்டார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் அறுவை சிகிச்சைப் பட்டியலில் 19 அம்சங்கள். கத்தி வைக்குமுன் அறையில் உள்ள எல்லோரும் பெயரும் பொறுப்பும் சொல்வது அதில் ஒன்று. டொராண்டோ, புது தில்லி உட்பட எட்டு நகரங்களில் சோதித்து 2009இல் முடிவை வெளியிட்டார்கள். இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்திருந்தது. எல்லாப் புகழையும் பெயருக்குக் கொடுக்க முடியாது. ஆனால் ஆரம்பத்தில் ஒருமுறை வாய் திறந்தவர், ஆபத்து வரும்போது மறுபடி திறப்பார் என்று அந்தப் பட்டியலை உருவாக்கிய அதுல் கவாண்டே எழுதியிருக்கிறார்.

என் தொழிலில் யாரும் இறப்பதில்லை. பணம் நிற்கும், அவ்வளவுதான். போன குளிர்காலத்தில் ஒரு வாடிக்கையாளரின் பணப் பரிமாற்றம் நள்ளிரவில் நின்றுபோனது. அழைப்பில் முப்பது பேர். முக்கால் மணி நேரமாக மூன்று துணைத்தலைவர்கள் மட்டுமே மாற்றி மாற்றிப் பேசினார்கள். நான் உள்ளே வந்ததும் விமானத்தில் செய்வதுபோல் ஆரம்பித்தேன்: எல்லோரும் பெயர், பொறுப்பு சொல்லுங்கள். ஒருவர் வெளிப்படையாகவே பெருமூச்சு விட்டார். சென்னையின் முறை வந்தபோது அமைதி.

"சென்னையில் யார் இருக்கிறீர்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

"டீம் இருக்கு சார்."

தமிழ் அவனை அறியாமல் வந்துவிட்டது. நானும் தமிழிலேயே, "பேர் சொல்லுங்க தம்பி" என்றேன். மற்ற இருபத்தெட்டுப் பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். தயங்கி, இனிஷியலோடு, பள்ளிக்கூட வருகைப் பதிவில் சொல்வதுபோலச் சொன்னான். பிறகு, கேட்காமலேயே, ஆங்கிலத்தில்: "ஒரு சர்டிஃபிகேட் நேற்று இரவு காலாவதியாகிவிட்டது. அதுவாக இருக்கலாம்."

அதுதான். இருபது நிமிடத்தில் பணம் நகர்ந்தது.

மறுநாள் அறிக்கையில் 'சென்னைக் குழு கண்டறிந்தது' என்று எழுதியிருந்தார்கள். அவன் பெயரைச் சேர்த்துத் திருப்பி அனுப்பினேன். இறுதிப் பிரதியில் பெயர் இருந்தது. அப்பாவின் முதலெழுத்தைப் பின்னால் தள்ளிக் குடும்பப்பெயர் ஆக்கியிருந்தார்கள். மறுபடியும் திருத்தி அனுப்பியிருக்கிறேன்.