சயாம் பாதையின் எஞ்சின்

சென்ற ஆண்டு இலையுதிர் காலத்தில் டோக்கியோ மாநகரில் ஏறக்குறைய ஒரு திங்கள் தங்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. என் மகன் அங்கே பணிபுரிகிறான். ஜப்பானின் அதிவேக ரயிலைப் பற்றியும் பியூஜி மலையைப் பற்றியும் நம் சங்கத்து அன்பர்கள் முன்னரே நிறையப் படித்திருப்பார்கள். ஆதலால் அவற்றை விட்டுவிடுகிறேன். அந்நகரில் ஓர் ஆலயத்தையும், கொல்கத்தா திரும்பும் வழியில் தாய்லாந்தில் ஓர் ஆற்றங்கரையையும் கண்டேன். அவ்விரண்டு இடங்களையும் இணைப்பது ஒரு ரயில்பாதை.

முதலில் ஒரு குடும்பச் செய்தி. என் பாட்டியாருக்கு ஒரே தம்பி. தஞ்சை ஜில்லாவில் பிழைக்க வழியில்லாமல் நாகப்பட்டினத்தில் கப்பலேறி, மலாயாவில் ஒரு ரப்பர்த் தோட்டத்துக்குப் பால்வெட்டும் வேலைக்குப் போனவர். 1941ஆம் ஆண்டுத் தீபாவளிக்கு அவரிடமிருந்து ஒரு மணியார்டரும் கடிதமும் வந்தன. அதன்பின் ஜப்பானியப் படை மலாயாவைப் பிடித்தது, தபால் நின்றது. போர் முடிந்து ஊர் திரும்பிய ஒருவர், "சயாமுக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள், அம்மா, அங்கே போனவர்கள் அநேகமாகத் திரும்பவில்லை" என்று மட்டும் சொன்னாராம். இறந்த நாள் தெரியாதவருக்குத் திதி ஏது? மகாளய அமாவாசையன்று பாட்டியார் தனியே ஓர் இலை போட்டுக் காக்கைக்குச் சோறு வைப்பார். ஆனால் தம்பியின் பெயரை உரக்கச் சொல்லமாட்டார். உயிரோடிருப்பவனாக இருந்தால் பாவம் வந்து சேருமே என்ற அச்சம்.

இந்த நினைவோடுதான் டோக்கியோவில் குதான் மேட்டின் மீதுள்ள யாசுக்குனி ஆலயத்துக்குச் சென்றேன். 1869இல் நிறுவப்பட்ட ஷிண்டோ ஆலயம் அது. உயர்ந்த தோரணவாயில், இருமருங்கிலும் பொன்னிற இலை உதிர்க்கும் ஜிங்கோ மரங்கள். இங்கே எலும்போ சாம்பலோ இல்லை. போரில் ஜப்பானுக்காக இறந்தோர் 24 லட்சத்து 66 ஆயிரம் பேரின் பெயர்கள் ஏட்டில் எழுதப்பட்டு, அவர்கள் யாவரும் தெய்வமாக வணங்கப்படுகின்றனர். முதியவர் ஒருவர் கைதட்டி வணங்கிக் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தபோது என் மனமும் இளகியது. இறந்த பிள்ளையையும் தந்தையையும் நினைப்பதை எவர் குறை கூற முடியும்?

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. போர்க்குற்ற விசாரணையில் தண்டனை பெற்றோரையும் இதே ஏட்டில் சேர்த்திருக்கிறார்கள். 1959 முதல் ஏறக்குறைய ஆயிரம் பேர் அவ்வாறு சேர்க்கப்பட்டனர். சயாம் ரயில்பாதைக் கொடுமைகளுக்காகச் சிங்கப்பூரில் தூக்கிலிடப்பட்டவர்களும் அவ்வகையினரே. 1978இல், முன்னாள் பிரதமர் தோஜோ முதலான தலைமைக் குற்றவாளிகள் 14 பேரும் ஓசையின்றிச் சேர்க்கப்பட்டனர். மறு ஆண்டுதான் நாட்டுக்கு அது தெரியவந்தது. 1975இல் வந்துபோன சக்கரவர்த்தி ஹிரோஹித்தோ அதன்பின் இவ்வாலயத்தில் கால் வைக்கவேயில்லை. பிரதமர்கள் சிலர் வந்தனர். அதனால் சீனாவும் கொரியாவும் பலமுறை கொதித்தெழுந்தன. ஜப்பானியப் படையில் சேர்க்கப்பட்டு இறந்த கொரியர், தைவானியர் பெயர்களும் ஏட்டில் உள்ளன. அவர்களுடைய குடும்பத்தார் சிலர் பெயரை நீக்கக் கோரி வழக்காடியும் பயனில்லை.

ஆலயத்து வளாகத்தில் நம்மவர் ஒருவரின் நினைவுக்கல்லும் இருக்கிறது. நம் நகரத்து உயர்நீதிமன்றத்தில் நீதிபதியாகவும் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் துணைவேந்தராகவும் விளங்கிய ராதாபினோத் பால் அவர்களுக்கு 2005இல் எழுப்பியது. டோக்கியோ விசாரணையில் எல்லாரும் குற்றமற்றவர்கள் என்று தனித்துத் தீர்ப்பு எழுதியவர் அவர். வென்றவன் தோற்றவனை விசாரிப்பது நீதியாகாது, செய்தபோது சட்டத்தில் இல்லாத குற்றத்துக்குப் பின்னால் சட்டம் செய்து தண்டிக்கலாகாது என்பது அவர் கட்சி. வங்காளி ஒருவரின் முகத்தை அங்கே கண்டதும் முதலில் எனக்குப் பெருமிதமே உண்டாயிற்று. ஆனால் ஜப்பானியப் படைகள் கொடுமை இழைத்ததற்குச் சான்றுகள் மிகுதியாக உள்ளன என்பதையும் அதே தீர்ப்பில் அவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். அந்தப் பகுதியை நினைத்து யாரும் கல் நடுவதில்லை.

அருகே யூஷூக்கான் என்னும் போர்ப் பொருட்காட்சிசாலை. அதன் முன்கூடம் வரை நுழைவுக் கட்டணம் இல்லை. கண்ணாடிச் சுவருக்குள், கருகருவென்று மின்னும் ஒரு நீராவி எஞ்சின் நிற்கிறது. ஸி 56 வகை, எண் 31, 1936இல் செய்தது. இவ்வகை எஞ்சின்கள் 90 போரின்போது தென்னாடுகளுக்கு அனுப்பப்பட்டன. சயாமிலிருந்து பர்மாவுக்குப் போட்ட பாதை 1943 அக்டோபரில் திறக்கப்பட்டபோது ஓடிய எஞ்சின் இதுதான். போருக்குப் பின் தாய்லாந்து ரயில்வேயில் உழைத்து ஓய்வு பெற்றதை, பாதை போட்ட பழைய ராணுவத்தினர் பணம் திரட்டி வாங்கி, 1979இல் ஆலயத்துக்குக் காணிக்கையாக்கினார்கள்.

உடன் வந்த மகனின் ஜப்பானிய நண்பர் விளக்கப் பலகையை எனக்குப் படித்துச் சொன்னார். பாதையின் நீளம், காட்டிலும் மலையிலும் அதை அமைத்த அருமை, எஞ்சின் தாயகம் திரும்பிய கதை. "பாதை போட்டவர்கள் எத்தனை பேர் இறந்தார்கள் என்று எழுதியிருக்கிறதா?" என்று கேட்டேன். அவர் மறுபடியும் மேலிருந்து கீழ்வரை படித்தார். "இல்லை" என்றார். சற்று நேரம் கழித்து, "எங்கள் பள்ளிப் புத்தகத்திலும் இதைப் படித்ததாக நினைவில்லை" என்று தாழ்ந்த குரலில் சொன்னார். பலகையில் பொய் ஒன்றும் இல்லை. ஒரு தொகை இல்லை, அவ்வளவே.

ஜப்பானியர் எல்லாரும் ஒரே குரலில் மறுக்கிறார்கள் என்று நான் சொன்னால் அது பெரும் பிழை. இயெனாகா சபுரோ என்னும் வரலாற்றாசிரியர், பாடநூலில் போர்க்கொடுமைகளைப் பற்றி எழுதியவற்றை அரசாங்கம் திருத்தச் சொன்னதை எதிர்த்து 1965இல் தொடங்கி 32 ஆண்டுகள் வழக்காடினார். 1995இல் பிரதமர் முராயாமா ஆசிய மக்களிடம் மனமார மன்னிப்புக் கோரினார். தாய்லாந்தில் ராணுவப் போலீசுக்கு மொழிபெயர்ப்பாளராயிருந்த நாகாசே தக்காஷி, தம் கண்முன் கைதிகள் வதைபட்டதை மறக்க மாட்டாமல், நூறு தடவைக்கு மேல் அவ்வாற்றங்கரைக்கு வந்து பரிகாரம் தேடினார், 2011இல் மறைந்தார். இவரும் ஜப்பானியரே; எஞ்சினைத் துடைத்து வைத்தவர்களும் ஜப்பானியரே.

திரும்பும் வழியில் பாங்காக்கில் இறங்கி, தோன்புரி நிலையத்திலிருந்து புகைவண்டி ஏறினேன். மூன்று மணி நேரப் பயணம். ஊரின் பெயர் காஞ்சனபுரி. நம் செவிக்குச் சொந்த ஊரின் பெயர் போலவே ஒலிக்கும். கரும்பு வயல்களும் மூங்கிற் புதர்களும் கடந்தால் ஆறு. அதன் குறுக்கே இரும்புப் பாலம். 1957இல் வெளிவந்த ஆங்கிலப் படத்தால் உலகப் புகழ் பெற்ற பாலம் இது. படம் எடுத்த இடம் என்னவோ இலங்கை. பாலத்தின் மீது வெளிநாட்டார் படம் எடுத்துக்கொள்கிறார்கள். ரயில் வரும்போது ஓரமாக ஒதுங்கிக்கொள்கிறார்கள். இளநீரும் ஐஸ்கிரீமும் விற்கின்றன.

415 கிலோமீட்டர்ப் பாதையை 1942இன் நடுவில் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். பிரிட்டிஷ், டச்சு, ஆஸ்திரேலிய, அமெரிக்கப் போர்க் கைதிகள் 60,000 பேருக்கு மேல். அவர்களில் 12,000 பேருக்கு மேல் இறந்தனர். ஆசியக் கூலிகள், அதாவது பர்மியர், ஜாவானியர், மலாயர், மலாயாத் தமிழர் ஆகியோர், ஏறக்குறைய இரண்டு லட்சம் பேர். அவர்களில் இறந்தோர் 80,000 முதல் ஒரு லட்சம் வரை இருக்கலாம் என்கிறார்கள். "இருக்கலாம்" என்ற சொல்லைக் கவனியுங்கள்.

கைதிகளுக்குப் படைப்பட்டியல் இருந்தது. உடன் மருத்துவர்கள் இருந்தனர். ஒளித்து வைத்த ஏடுகளில் இறந்தவன் பெயரும் நாளும் குறிக்கப்பட்டன. போர் முடிந்த சில வாரங்களிலேயே ஒரு குழு காட்டுக்குள் சென்று பத்தாயிரத்துக்கு மேற்பட்ட கல்லறைகளைத் தேடிக் கண்டது. தோட்டத்துத் தமிழனுக்கு மருத்துவரும் இல்லை, பட்டியலும் இல்லை. சினிமா இலவசமாகக் காட்டுகிறோம் என்று அழைத்துக் கொட்டகையிலிருந்தே லாரியில் ஏற்றியதும் உண்டு. அவன் பெயரை யார் எழுதினார்கள்? மழைக்காலத்தில் வாந்திபேதி வந்தபோது கும்பல் கும்பலாகப் புதைத்தார்கள், எரித்தார்கள்.

ஊர் நடுவே காமன்வெல்த் கல்லறைத் தோட்டம். வெட்டிவிட்ட புல், வரிசை வரிசையாக ஏறக்குறைய 7,000 கற்கள், ஒவ்வொன்றிலும் பெயர், வயது, நாள். 22 வயது, 24 வயது, 21 வயது. படித்துக்கொண்டே நடந்தால் தொண்டை அடைக்கிறது. ஆனால் வெளியே வந்ததும் ஒரு கசப்பும் எழுந்தது. என் பாட்டியாரின் தம்பியும் அந்நாளில் பிரிட்டிஷ் பிரஜையே. பிரிட்டிஷ் தோட்டத்தில் பால்வெட்டியவரே. சிப்பாய் அல்லாததால் அவர் இந்தக் கணக்கில் சேரவில்லை. சான்பிரான்சிஸ்கோ உடன்படிக்கையின்படி போர்க் கைதிகளுக்குச் சிறுதொகையாவது கிடைத்தது. 1967இல் ஜப்பான் மலேசிய அரசாங்கத்துக்கு இரண்டு கப்பல்கள் கொடுக்க ஒப்புக்கொண்டு கணக்கை முடித்தது. தோட்டத்து விதவைகள் கப்பலை வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள்?

நம்மையும் சொல்லத்தான் வேண்டும். அதே மலாயாவில் அதே ஆண்டில் நம் தமிழ் இளைஞர்கள் நேதாஜியின் படையில் ஆயிரக்கணக்கில் சேர்ந்தார்கள். அந்த வீரத்தை நாம் கொண்டாடுகிறோம், கொண்டாட வேண்டியதே. ஆனால் துணைநின்ற ஜப்பானியன் நம்மவரைக் காட்டில் சாகவிட்டதைப் பேசினால் அக்கதையின் ஒளி மங்கும் என்றோ என்னவோ, இந்தியாவில் நாம் வாயைத் திறக்கவில்லை. நம் குழந்தைகளின் பாடப்புத்தகத்தில் இந்த ரயில்பாதையை நான் கண்டதில்லை. டோக்கியோப் பலகையின் முன் நான் கேட்ட கேள்வியை இங்கே கேட்டாலும் விடை அதுவேதான்.

பாலத்துக்கு அருகே, பாதை போட்ட ஜப்பானியப் படையே 1944இல் எழுப்பிய நினைவுத் தூண் ஒன்று இருக்கிறது. சுற்றிலும் சலவைக்கற்களில் பல மொழிகளில் எழுத்து. அவற்றுள் தமிழும் ஒன்று. கொன்றவன் கல்லில்தான் முதன்முதலில் நம் மொழி அங்கே பொறிக்கப்பட்டது என்று எண்ணியபோது என்ன உணர்வது என்று எனக்குத் தெரியவில்லை. வெகுநேரம் நின்று பார்த்தேன். நிழலில் ஒரு நாய் உறங்கிக்கொண்டிருந்தது.

கல்லறைத் தோட்டத்தை ஒட்டி ஒரு புத்தர் கோயில். ஆசியக் கூலிகளின் எலும்புகளைத் திரட்டி வைத்த சமாதி அதனுள் இருக்கிறது. 1990இல் கூட, ஊருக்கருகே கரும்பு வயலைத் தோண்டியபோது நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. அக்கோயில் வளாகத்திலேயே, மலேசியத் தமிழர்கள் சிலர் அண்மையில் தம் முயற்சியால் ஒரு நடுகல் நாட்டியிருக்கிறார்கள். பெயர்கள் இல்லை, எப்படி இருக்கும்?

கையில் பூ எதுவும் கொண்டுபோகவில்லை. வாசலில் ஒரு மூதாட்டியிடம் ஊதுவத்தியும் ஒரு சீப்பு வாழைப்பழமும் வாங்கி வந்து கல்லின் முன் வைத்தேன். பாட்டியார் ஒருநாளும் உரக்கச் சொல்லாத பெயரை அங்கே ஒருமுறை சொன்னேன். வயதைக் கணக்கிட்டுப் பார்த்தால் அவர் எப்படியும் போயிருப்பார். பாங்காக் திரும்பும் கடைசி வண்டி பிற்பகல் மூன்று மணிக்கு முன்பே புறப்பட்டுவிடும் என்று சொல்லியிருந்தார்கள். நிலையத்துக்கு விரைந்து நடந்தேன்.