பூரிக்கட்டைப் பிடி போட்ட அடுப்பு

“ஊரில் பழைய இரும்புக்காரன்கூட இதை எடுக்கமாட்டான். நீ என்னடாவென்றால் வீட்டுக்கு உருட்டிக்கொண்டு வந்திருக்கிறாய்!” என்று தலையில் அடித்துக்கொண்டார் என் கணவர்.

அவர் சொன்னதில் தப்பில்லை. ஒரு கால் ஆடியது. ஒரு சக்கரம் உடைந்திருந்தது. மூடியின் கைப்பிடி பாதி கரிந்து போயிருந்தது. உள்ளேயோ ஒரு வண்டி அழுக்கு!

நாங்கள் அமெரிக்காவில் சிகாகோவை ஒட்டிய ஒரு சிற்றூருக்கு 2009-ல் குடிவந்தோம். பக்கத்து வீட்டுப் பாட்டி கணவர் போனபின் மகள் வீட்டோடு போய்விடத் தீர்மானித்து, சாமான்களைத் தெருவோரம் வைத்திருந்தார். அதில்தான் இந்தக் கரி அடுப்பு இருந்தது. “என் வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் இதில்தான் சமைப்பார். குப்பை வண்டிக்குப் போவதைவிட நீ எடுத்துக்கொள்ளேன்” என்றார். அந்த முகத்தைப் பார்த்த பிறகு வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

‘கெட்டில் கிரில்’ என்பார்கள் இதை. கால் முளைத்த உருண்டைப் பாத்திரம் என்று வைத்துக்கொள்ளுங்களேன். பிறந்ததும் எங்கள் சிகாகோ பக்கத்தில்தான். 1952-ல் ஜார்ஜ் ஸ்டீபன் என்பவர் வெபர் பிரதர்ஸ் என்ற உலோகப் பட்டறையில் வேலை பார்த்தார். தண்ணீரில் கப்பல்களுக்கு வழிகாட்ட விடும் மிதவைகளை அங்கே செய்வார்கள். தோட்டத்தில் சமைக்கும்போது காற்றும் மழையும் படுத்துகிறதே என்று, அவர் ஒரு மிதவைக் கோளத்தைப் பாதியாக்கி, கீழ்ப் பாதிக்குக் காலும் மேல் பாதிக்குப் பிடியும் வைத்தார். அவ்வளவுதான், அடுப்பு தயார்!

அந்த வருஷம் கும்பகோணத்திலிருந்து என் மாமியார் ஆறு மாதம் தங்க வந்திருந்தார். பேச்சுத் துணை இல்லாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். பதினைந்து வயது மகனோ பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அறைக்கதவைச் சாத்திக்கொள்வான். சாப்பிடு என்றால் “ம்”, படி என்றால் “ம்”. ஒரே வீட்டில் இருந்தும் ஆளுக்கொரு தீவு.

அடுப்பைப் பார்த்ததும் மாமியார் எழுந்து வந்தார். “இது நம்ம குமுட்டி அடுப்புதாம்மா. வயிறு மட்டும் பெருசா இருக்கு” என்றார். அன்றைக்கே வேலை ஆரம்பித்துவிட்டது.

மூடியின் உள்பக்கம் கறுப்பாகச் செதில் செதிலாக உரிந்து தொங்கியது. பெயிண்ட் உரிகிறது, இது விஷமாயிற்றே என்று பயந்துவிட்டேன். சத்தம் கேட்டு எட்டிப் பார்த்த மகன்தான், “அம்மா, உள்ளே பெயிண்டே கிடையாது. எண்ணெயும் புகையும் சேர்ந்து காய்ந்த கரி அது” என்றான். பிளாஸ்டிக் தகடால் சுரண்டிப் போட்டு, சுடுதண்ணீரும் சோப்பும் போட்டுத் தேய்த்ததும் உள்ளே பளபளவென்று எனாமல் தெரிந்தது. எனாமல் என்பது இரும்பின்மேல் உருக்கிப் பூசிய கண்ணாடி. கம்பி பிரஷ்ஷால் பிறாண்டினால் கீறல் விழும். சுத்தியலால் தட்டினால் சில்லுச் சில்லாகத் தெறிக்கும். நம் வீட்டு எனாமல் கிண்ணத்தை எப்படிப் பார்த்துக்கொள்வோமோ அப்படித்தான்.

கம்பித்தட்டின் துருவுக்கு வினிகரில் ஓர் இரவு ஊறல். மறுநாள் அலுமினியத் தாளைக் கசக்கி உருட்டித் தேய்த்தோம். கம்பி பிரஷ் இதற்கும் வேண்டாம். அதன் மயிரிழைக் கம்பி உடைந்து தட்டில் ஒட்டிக்கொண்டு, சாப்பாட்டோடு தொண்டைக்குள் போய்க் குத்துவது உண்டு. இப்போதெல்லாம் தட்டு சூடானதும் பாதி வெங்காயத்தை எண்ணெயில் தோய்த்து ஒரு தேய் தேய்த்துவிடுகிறேன். தோசைக்கல்லுக்குச் செய்வதுதானே?

அடியில் சாம்பலைத் தள்ளும் தகடுகள் துருவேறி இறுகிவிட்டன. அவற்றை மட்டும் புதிதாக வாங்கினோம். உடைந்த சக்கரத்துக்குப் பதில் பழைய புல்வெட்டும் மெஷினின் சக்கரம் வந்தது. மகன் கராஜிலிருந்து துத்தநாகம் பூசிய போல்ட்டுகளை எடுத்து வந்தபோது, அதுவரை கேலி செய்துகொண்டிருந்த என் கணவர் தடுத்தார். “நெருப்புப் படுகிற இடத்தில் அது கூடாது. அதிகம் காய்ந்தால் கெட்ட புகை வரும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட்டாகப் போடு” என்றார். கேலி அத்தோடு போயிற்று. ஸ்பானரும் கையுமாக அவரும் வந்து உட்கார்ந்துவிட்டார்!

கரிந்த கைப்பிடிக்கு என்ன செய்வது? மாமியார் சமையலறைக்குள் போய் என் பழைய பூரிக்கட்டையோடு வந்தார். இரு முனையிலும் துளை போட்டு மாட்டினால் அளவெடுத்த மாதிரி பொருந்தியது. பக்கவாட்டில் தட்டு வைக்க ஒரு பலகை, இடுக்கி மாட்ட இரண்டு கொக்கி. மூன்றாவது கொக்கி மாமியார் கேட்டு வாங்கியது. ஊரிலிருந்து கொண்டுவந்த பனையோலை விசிறியை அதில் மாட்டினார்.

முதல் நாள் தீ நிற்கவே இல்லை. புகைந்து புகைந்து அணைந்தது. மாமியார் குனிந்து பார்த்தார். “அடியில சாம்பல் அடைச்சிருக்கு. அடுப்புக்கு மூக்கு கீழேதான். அதை அடைச்சா எப்படி மூச்சு விடும்?” என்றார். சாம்பலைத் தள்ளியதும் தணல் சிவந்தது. கீழ்த் துவாரத்தை அகலத் திறந்தால் தீ ஏறும், குறுக்கினால் இறங்கும். மேல் துவாரம் சமைக்கும்போது எப்போதும் திறந்திருக்க வேண்டும். கரியின்மேல் மண்ணெண்ணெய் மாதிரி எதையும் ஊற்ற வேண்டாம். தகரக் குழாயில் கீழே செய்தித்தாள், மேலே கரி போட்டுப் பற்றவைத்தால் 20 நிமிஷத்தில் வெள்ளைச் சாம்பல் பூத்துவிடும். அதைப் பிறகு ஒரு பக்கமாக ஒதுக்கிக் கொட்டினால், தணலுக்கு மேலே சுடலாம். மறுபக்கம் மூடி போட்டு நிதானமாக வேகவைக்கலாம்.

அன்று சுட்ட கத்தரிக்காயில் மாமியார் செய்த கொத்சை மகன் இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். “அப்பாயி, நாளைக்கும் செய்வீங்களா?” என்று கேட்டானே, எனக்கு அடுப்புக்குப் பட்ட பாடெல்லாம் மறந்துபோயிற்று.

இனிமேல் சொல்லப்போவதைத்தான் சகோதரிகள் கவனித்துப் படிக்க வேண்டும்.

அக்டோபரில் ஒரு சாயங்காலம் சோளமும் கோழியும் சுட்டு முடித்த நேரம், சடசடவென்று மழை பிடித்துக்கொண்டது. பாடுபட்டுத் துடைத்த அடுப்பு நனைகிறதே என்று மனசு கேட்கவில்லை. எல்லாத் துவாரங்களையும் மூடி, அடுப்பை கராஜுக்குள் தள்ளிக் கதவை இறக்கிவிட்டேன். மூடியாயிற்று, அணைந்துவிடும் என்பது என் கணக்கு. கராஜை ஒட்டிய அறையில்தான் மாமியார் படுத்திருந்தார். மாடி ஏற முடியாது என்று நாங்களே கொடுத்த அறை.

ஒன்பது மணி இருக்கும். “தலையைப் பிளக்குதும்மா, குமட்டுது” என்றார். குளிர் என்று நினைத்து, ஜன்னலைச் சாத்திச் சுக்குக் கஷாயம் வைக்கப் போனேன். அப்போது நடையில் இருந்த கருவி வீல் வீலென்று அலற ஆரம்பித்தது. என் சமையல் புகைக்கு இன்னொரு கருவி அடிக்கடி கத்தும். அதுதான் என்று துண்டால் விசிறினேன். மகன் மாடியிலிருந்து பாய்ந்து இறங்கினான். “அம்மா, இது புகைக்கு இல்லே, கார்பன் மோனாக்ஸைடு! அப்பாயியைத் தூக்கு, வெளியே வா!” என்று கத்தினான்.

கொட்டும் மழையில் தெருவில் நின்றோம். தீயணைப்புப் படையினர் வந்து அளந்து பார்த்து, கதவு ஜன்னல்களைத் திறந்துவிட்டார்கள். மாமியாரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ப் பிராண வாயு வைத்தார்கள். விடியற்காலையில் கண் திறந்து, “புள்ளை சாப்பிட்டானா?” என்று கேட்டார். அப்போதுதான் எனக்கு அழுகையே வந்தது.

டாக்டர் சொன்னது இதுதான். மூடிய கரி உடனே அணையாது. உள்ளே மணிக்கணக்காகக் கனியும். அப்போது வரும் வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ரத்தத்தில் பிராண வாயு உட்காரும் இடத்தை, அதைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு இது பிடித்துக்கொள்கிறது. தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், பிறகு தூக்கம். அந்தத் தூக்கத்திலிருந்து பலர் எழுவதில்லை. இலினாய் மாநிலத்தில் படுக்கையறையிலிருந்து 15 அடிக்குள் இந்தக் கருவி இருக்க வேண்டும் என்று 2007 முதல் சட்டம். அந்தச் சட்டமும் என் பிள்ளையின் காதும் இல்லாவிட்டால்? நினைக்கவே நடுங்குகிறது.

நம் ஊருக்கும் இது பொருந்தும். மலை ஊர்களில் குளிருக்காகக் கரித்தணலை அறைக்குள் வைத்துத் தூங்கி உயிர் விட்டவர்களின் செய்தி வரத்தானே செய்கிறது? குமுட்டி அடுப்போ, இஸ்திரிப் பெட்டித் தணலோ, குழந்தைக்குக் கணப்புச் சட்டியோ, எதையும் மூடிய அறையில் வைத்துப் படுக்காதீர்கள். சாம்பலையும் உடனே குப்பையில் கொட்ட வேண்டாம். இரண்டு நாள் ஆறவிட்டு, மூடி போட்ட தகர டப்பாவில் போடுங்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும், “முதல் வேலையாக இந்த அடுப்பைத் தூக்கிப் போடுங்க” என்றேன் கணவரிடம். அவர் வாயைத் திறக்குமுன் மாமியார் குறுக்கிட்டார்.

“அடுப்பு என்னம்மா பண்ணும்? வெச்ச இடம்தான் தப்பு. வெளியே வை. நனைஞ்சா நனையட்டும், இரும்புதானே.”

இப்போது அது வீட்டிலிருந்து பத்தடிக்கு அப்பால் கொல்லையில் நிற்கிறது. மழைக்கு ஓர் உறை தைத்திருக்கிறேன். அடுப்பு முழுதும் ஆறிய பிறகுதான் அதைப் போர்த்துவது. மாமியார் ஊருக்குப் போய்விட்டார். விசிறியை மட்டும் கொக்கியிலேயே விட்டுப் போயிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலையில் யாரும் சொல்லாமலே மகன் சாம்பலைத் தள்ளி, அடுப்பின் மூக்கைத் திறந்துவைக்கிறான். பிறகு கும்பகோணத்துக்குப் போன் போட்டு, “அப்பாயி, கொத்சுக்குப் புளி எவ்வளவு?” என்று கேட்கிறான்.