கறுப்பு வைரத்தின் பொருள்

வட அமெரிக்கப் பனிச்சறுக்கு மலைகளில் பச்சை வட்டம் தொடக்கநிலைத் தடத்தையும், நீலச் சதுரம் இடைநிலைத் தடத்தையும், கறுப்பு வைரம் வல்லுநர் தடத்தையும் குறிக்கின்றன. நீலத்தில் நன்கு பழகியவர் கறுப்பின் முன் தயங்கி நிற்பது இயல்பு. அவரை அஞ்சவைப்பது பெரும்பாலும் சரிவன்று, குறிதான்.

ஒரு குறியின் மதிப்பை அதன் அண்டைக் குறிகளே தீர்மானிக்கின்றன என்றார் சசூர். பனிமலைக்கும் இது பொருந்தும். ஒவ்வொரு மலையும் தன் தடங்களைத் தமக்குள் ஒப்பிட்டே தரம் பிரிக்கிறது. ஆகவே ஒரு மலையின் கறுப்பு இன்னொரு மலையில் நீலமாக இருக்கலாம்.

ஒரே மலையிலும் எல்லாக் கறுப்பும் ஒன்றல்ல. 100 மீட்டர் கிடைத்தொலைவுக்கு 40 மீட்டருக்கு மேல் இறங்கும் சரிவைக் கறுப்பாகக் கொள்வது பொதுவழக்கு. ஆனால் குறுகிய அகலமும் பனிமேடுகளும்கூட ஒரு தடத்தைக் கறுப்பாக்கும். கடினமான ஒரு சிறு பகுதிக்காக முழுத் தடமும் அப்பெயர் பெறுவதுண்டு. கொலராடோவின் வெய்ல் மலையிலுள்ள நெடிய ரீவா ரிட்ஜ் தடத்தில் அச்சமூட்டுவது 'டூரிஸ்ட் டிராப்' என்னும் செங்குத்துப் பகுதியே. அதைத் தவிர்க்கச் சுற்றுவழியும் உண்டு.

எனவே முதல் கறுப்புத் தடம் அகலமானதாக, முந்தைய இரவு இயந்திரத்தால் சமன்செய்யப்பட்டதாக, செங்குத்துப் பகுதி குறுகி நீலத்தில் முடிவதாக இருத்தல் நலம். எத்தடங்கள் சமன்செய்யப்பட்டன என்பதை மலை நிர்வாகம் காலையில் அறிவிக்கும். மின்தூக்கி இருக்கையிலிருந்தே சரிவைப் பார்த்துக்கொள்ளலாம். காலை வேளையே சிறந்தது. பலர் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் பனி பள்ளமாகவும் மேடாகவும் குவிகிறது. சில இடங்களில் தேய்ந்து பனிக்கட்டி தெரியத் தொடங்குகிறது. காலையில் எளிதாயிருந்த கறுப்பு, மாலையில் வேறொரு தடமாகிவிடும். மேடுகள் நிறைந்த நீலத்தைவிடச் சமன்செய்த கறுப்பு எளிதாக அமைவதும் இதனால்தான்.

இத்தேர்வு ஏன் முக்கியம்? அச்சம் உடலை மலைப்பக்கம் பின்சாய்க்கிறது. பின்சாய்ந்தால் பலகைகளின் முன்முனை பிடிப்பை இழக்கிறது, திருப்பம் தவறுகிறது, வேகம் கட்டுமீறுகிறது. செங்குத்தில் காப்பது இதற்கு நேரெதிர்: எடையைக் கீழ்ப்பக்கப் பலகையில் வைத்து, மார்பைப் பள்ளத்தாக்கை நோக்கித் திருப்புதல். உள்ளுணர்வுக்கு முரணான இப்பழக்கம் அஞ்சிய உடலில் படியாது. சற்றே அஞ்சிய உடலில் படியும். எளிய கறுப்புத் தடங்களின் பயன் அந்தச் 'சற்றே' என்னும் அளவைத் தருவதில் உள்ளது.