ஆறு மணிக்குப் பிறகு

பிள்ளைகளே, நீதிமன்றம் கொடுக்கும் தண்டனைக்கு முடிகிற தேதி ஒன்று உண்டு. ஊர் கொடுக்கும் தண்டனைக்கு அது கிடையாது.

சேலம் மத்திய சிறையில் நெடுங்காலம் இருந்துவிட்டு எங்கள் சானமாவுப் பக்கம் திரும்பிய ஒருவரை எனக்குத் தெரியும். பெயர் வேண்டாம். ஆதார் இல்லை, ரேஷன் கார்டிலும் பெயர் நீக்கப்பட்டிருந்தது. ஓசூர் சிப்காட்டுக்கு ஆள் எடுக்கும் கான்ட்ராக்டர் ஒருவர் முதலில் ஆதார் கேட்டார், அடுத்து போலீஸ் சரிபார்ப்பு என்றார். அந்தப் பேச்சு வந்ததுமே இவர் எழுந்து வந்துவிட்டார்.

அது கார்த்திகை மாதம். பன்னார்கட்டாவிலிருந்து யானைகள் எங்கள் காட்டுக்கு வரும் காலம். ராகி அறுப்புக்கு நின்றது. கொல்லைக் காவலுக்குக் கூப்பிட்டேன், வந்தார். முதல் நாள் சாயங்காலம் ஆறு மணியானதும் பரணுக்கு அடியில் துண்டை விரித்துச் சுருண்டுகொண்டார். சிறையில் அது லாக்கப் நேரம். இருட்டிய பிறகு வெட்டவெளியில் நின்று பல வருஷம் ஆகிறது என்று பிறகு சொன்னார். ஆனால் நடுச்சாமத்தில் மூங்கில் முறியும் சத்தம் கேட்டு, டார்ச் அடித்து, பக்கத்துக் கொல்லைக்காரர்களை எழுப்பியவர் அவர்தான். அதுவரை அவரோடு முகம் கொடுத்துப் பேசாதவர்கள் விடிந்ததும் உட்காரச் சொன்னார்கள். ஊருக்கு நான் சொல்லிப் பார்த்த புத்திமதி எதுவும் அந்த வேலையைச் செய்யவில்லை.

பிறகு ராயக்கோட்டை தக்காளி மண்டியில் சுமை தூக்கப் போனார். ஒருநாள் கிரேட் கணக்கு குறைந்தது. எல்லார் கண்ணும் அவர்மேல் விழுந்தது. எழுதியவர் பிழை என்று மத்தியானம் தெரிந்தது. யாரும் ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை. மறுநாள் விடியற்காலை வழக்கம்போல் வேலைக்குப் போனார். பொறுத்தவர் பூமி ஆள்வார் என்பார்கள். பூமி வேண்டாம், அன்றாடக் கூலியாவது நிலைத்தது. ஆனாலும் பொறுமை முழுவதையும் அவர் தலையிலேயே கட்டுவது நியாயமில்லை. வேலை கொடுக்கிறவருக்கும் அதில் பங்கு உண்டு.

வேலை கொடுக்க வழிகள் இல்லாமல் இல்லை. புழல், வேலூர், கோவையில் சிறைத்துறை இந்தியன் ஆயிலோடு சேர்ந்து நடத்தும் பெட்ரோல் பங்குகளில் சிறைவாசிகளே பெட்ரோல் போடுகிறார்கள். அவர்கள் உழைப்புக்கு நியாயமான கூலி வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1998-லேயே சொன்னது. சிங்கப்பூரில் 2004-இல் தொடங்கிய மஞ்சள் நாடா இயக்கம் கைதிகளுக்குப் பேசுவதைவிட ஊருக்குத்தான் அதிகம் பேசுகிறது: இவர்களுக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுங்கள் என்று. சரியான இடத்தில் பேசுகிறார்கள்.

இங்கேயும் விடுதலையானவர்களுக்கென்று உதவிச் சங்கம் இருக்கிறது. நன்னடத்தை அலுவலர் வழியாக மனுப் போடலாம். ஆபீஸ் ஆபீஸாக அலையும் தெம்புதான் பலருக்கு இருப்பதில்லை. நீங்கள் படித்தவர்கள். அப்படி ஒருவர் உங்கள் தெருவுக்குத் திரும்பி வந்தால், ஒருநாள் லீவு போட்டு அவரைக் கிருஷ்ணகிரிக்கு, அந்த அலுவலரிடம் கூட்டிப்போய் மனுவை எழுதிக் கொடுங்கள். ஆதாருக்கும் பதிந்து, அது கைக்கு வந்ததும் பேங்கில் கணக்குத் தொடங்கவும் கூடவே போங்கள்.