சிரிப்புக்கு விட்ட இடம்

‘சபாபதி’ படத்தில் வசனம் முடிந்த பிறகும் ஆட்கள் அப்படியே நிற்பார்கள். காளி என். ரத்தினம் ஓர் அசட்டுத்தனத்தைச் செய்து முடித்துவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல முகத்தை வைத்துக்கொள்வார். டி. ஆர். ராமச்சந்திரன் அந்த முட்டைக் கண்களை உருட்டிக்கொண்டு காத்திருப்பார். கேமராவும் நகராது.

கல்லூரியில் படிக்கும் அக்கா மகனுக்கு இது பொறுக்கவில்லை. “ஏன் மாமா, ஒவ்வொரு ஜோக்குக்கும் அப்புறம் சும்மா நிக்கிறாய்ங்க?” என்று கேட்டுவிட்டு, செல்போனில் வேகத்தை ஒன்றரை மடங்காக ஏற்றினான். அந்த இடைவெளியெல்லாம் மூடிக்கொண்டது. படம் சீக்கிரம் முடியும்தான். ஆனால் யாருக்கும் சிரிப்பு வராது.

“அது சும்மா நிக்கிறது இல்ல மாப்ள. கொட்டகையில சனம் சிரிச்சு அடங்க விட்ட நேரம்” என்றேன். நம்பாமல் பார்த்தான்.

பம்மல் சம்பந்த முதலியார் மேடைக்கு எழுதிய நாடகம் ‘சபாபதி’. ஏ.வி. மெய்யப்பனும் ஏ. டி. கிருஷ்ணசாமியும் சேர்ந்து படமாக்கினார்கள். படிப்பு ஏறாத பணக்கார வீட்டுப் பிள்ளையாக ராமச்சந்திரன், அவனிடம் மாட்டிக்கொண்டு விழிக்கும் தமிழ் வாத்தியாராக கே. சாரங்கபாணி, எஜமான் பெயரையே வைத்திருக்கும் மண்டூக வேலைக்காரனாக ரத்தினம். கடைசியில் அந்தப் பிள்ளைக்குப் படிப்புச் சொல்லிக்கொடுக்கிறவள் அவன் பெண்டாட்டி. 1941-ல் இது லேசான சங்கதி இல்லை. வேலைக்காரனை மட்டம்தட்டி வரும் சிரிப்பு பல இடங்களில் இன்றைக்கு நெருடுகிறது, அதையும் மறைக்க வேண்டாம்.

ரத்தினம் சினிமாவில் பிறந்த ஆள் அல்ல. எங்கள் ஊர்ப் பெயரைச் சுமந்து ஊர் ஊராகப் போன மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் பையன்களுக்கு நடிப்புச் சொல்லிக்கொடுத்த வாத்தியார். எம்.ஜி.ஆரும் அவரிடம் பாடம் கேட்டவர்தான். மேடையில் சனத்தின் சிரிப்பு ஓய்வதற்குள் அடுத்த வரியைச் சொன்னால் அந்த வரி செத்துப்போகும். அந்தப் பழக்கத்தை அவர் கேமரா முன்னாலும் விடவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இதையே அமெரிக்காவில் மார்க்ஸ் சகோதரர்கள் என்ற சிரிப்பு நடிகர்கள் கணக்குப் போட்டுச் செய்தார்கள். 1935-ல் வந்த ஒரு படத்துக்கு, காட்சிகளை முதலில் ஊர் ஊராக மேடையில் நடித்துக் காட்டி, சனம் எங்கே எவ்வளவு நேரம் சிரிக்கிறது என்று கணக்கெடுத்துக்கொண்டுதான் படப்பிடிப்புக்கே போனார்கள். ரத்தினத்துக்கு அந்தக் கணக்கு உடம்பிலேயே இருந்தது.

‘சபாபதி’ வெளியானது 1941 டிசம்பர் 14. ஜப்பான் பேர்ல் ஹார்பரில் குண்டு போட்டுச் சரியாக ஒரு வாரம். அந்த நேரத்திலும் சிரித்திருக்கிறார்கள்.

நான் முதலில் பார்த்தது கொட்டகையில் அல்ல, மதுரை செல்லூரில் எங்கள் சந்துக்குள் டி.வி. இருந்த ஒரு வீட்டில். கொடைக்கானல் கோபுரம் வந்து தூர்தர்ஷன் தெளிவாகத் தெரியத் தொடங்கிய காலம். தறியை நிறுத்திவிட்டு ஆண்கள் திண்ணையிலும், தார் சுற்றிக்கொண்டிருந்த பெண்கள் ராட்டையை ஓரங்கட்டிவிட்டு உள்ளேயும், பிள்ளைகள் சன்னல் கம்பியிலுமாக அடைந்துகொள்வோம். சோடாவை உடைத்துக் கொண்டுவரச் சொன்னால் ரத்தினம் பாட்டிலையே உடைக்கும் இடத்தில் வீடே அதிர்ந்தது. அம்மாச்சிக்குக் காது மந்தம். அவளுக்கு ஒரு வசனமும் விழவில்லை. பக்கத்தில் இருப்பவர்கள் சிரிப்பதைப் பார்த்துச் சிரித்தாள், எல்லாரும் ஓய்ந்த பிறகு அவள் மட்டும் தனியாகச் சிரித்தாள், அதைப் பார்த்து மறுபடி எல்லாரும் சிரித்தார்கள். அத்தனைக்கும் அந்தப் படத்தில் இடம் இருந்தது. அடுத்த வசனத்தை யாரும் தவறவிடவில்லை.

இப்போது அதே படத்தைத் தனியாகப் பார்க்கும்போது என் சிரிப்பு முதலிலேயே முடிந்துவிடுகிறது. ரத்தினம் இன்னும் காத்துக்கொண்டு நிற்கிறார். யாருக்காக நிற்கிறார் என்று எனக்குத் தெரியும், அதுதான் தொல்லை. படம் கெடவில்லை; ஒலி கொஞ்சம் கரகரக்கிறது, அவ்வளவே. மிச்சப் பாதி திண்ணையில் இருந்தது, அந்தத் திண்ணையையும் சாக்கடை போட வந்தபோது இடித்துவிட்டார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் போனாலும் கதை இதுதான். ‘சிந்தாமணி’ படத்தின் லாபத்தில் எழுந்த சிந்தாமணி தியேட்டர் இல்லை. 1952 தீபாவளிக்கு ‘பராசக்தி’யோடு திறந்த தங்கம் தியேட்டர் இருந்த இடத்தில் ஜவுளி எடுக்கிறோம்.

நாற்பது பேரை உட்காரவைத்து ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று பிடிவாதமாகிவிட்டது. முன்பெல்லாம் தெருத் திருவிழாவில் வேட்டியை இழுத்துக் கட்டியாவது படம் போடுவார்கள். இந்த வருஷ முளைப்பாரிக்கு விழாக் கமிட்டிப் பையன்களிடம் போய்க் கேட்டேன், ‘சபாபதி’ போடலாமா என்று. ஒருத்தன் நல்ல உற்சாகமாகத் தலையாட்டினான்.

“சந்தானம் படம்தானண்ணே? போட்ருவோம்.”