கோவிந்தாபுரத்தில் பிடித்தவை

பொள்ளாச்சியிலிருந்து கொல்லங்கோடு செல்லும் சாலையில், தமிழ்நாடு முடிந்து கேரளம் தொடங்கும் இடத்தில் உள்ளது கோவிந்தாபுரம். பாலக்காடு மாவட்டம், சித்தூர் வட்டம், முதலமடை ஊராட்சியைச் சேர்ந்த இச்சிற்றூரை வெளியூரார் பெரும்பாலும் ஒரு சோதனைச்சாவடியின் பெயராகவே அறிவர். எல்லையோரப் பேச்சுவழக்கை ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட முனைவர்பட்ட மாணவர் ஒருவர் இங்கே அறையெடுத்துத் தங்கியிருக்கிறார். அண்மைக்காலத்தில் படித்தவற்றில், கேட்டவற்றில், சேர்த்தவற்றில், கொறித்தவற்றில் பிடித்தவை எவை என்று உடன்பயில்வோர் கேட்க, அவர் ஒரு பட்டியல் எழுதத் தொடங்கினார். பட்டியல் எளிதாகவே வளர்ந்தது. ஆய்வேட்டுப் பழக்கத்தில் அதைத் தமிழ் என்றும் மலையாளம் என்றும் இரண்டு பத்திகளாகப் பிரிக்க முயன்றபோதுதான் வேலை நின்றது.

எல்லை இங்கே மொழியின் பெயரால் வந்தது. 1956 நவம்பர் 1 அன்று மலபார் மாவட்டம் சென்னை மாநிலத்திலிருந்து பிரிந்து கேரளத்தில் சேர்ந்தது. சித்தூர் வட்டமோ முன்னர் கொச்சி அரசின் நிலமாக, தனித்துக் கிடந்த பகுதி. 1957 ஜனவரி 1 அன்று பாலக்காடு தனி மாவட்டமாயிற்று. கோடு வரையப்பட்ட பின்னரும் அதன் மேற்கே தமிழ் பேசுவோர் இருந்தனர், இன்றும் இருக்கின்றனர். கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் தமிழையும் கன்னடத்தையும் சிறுபான்மை மொழிகளாக ஏற்றது. 1947இல் தொடங்கிய சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ்த்துறை உள்ளது. பள்ளிகளில் மலையாளத்தைக் கட்டாயமாக்கும் சட்டம் 2017இல் வந்தது. ஆகவே, இவ்வூரில் ஒருவருக்குப் பிடித்த புத்தகம் எந்த மொழியினது என்னும் கேள்வி வெறும் பொழுதுபோக்குக் கேள்வியாக இருப்பதில்லை.

மாணவரின் மேசைமேல் இப்போது இரண்டு நூல்கள் இருக்கின்றன. ஒன்று ஓ. வி. விஜயனின் ‘கசாக்கின் இதிகாசம்’. 1969இல் மலையாளத்தில் நூலாக வந்த இந்நாவலை யூமா வாசுகி தமிழாக்கினார். அதற்கு 2017ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி மொழிபெயர்ப்பு விருது கிடைத்தது. ஓராசிரியர் பள்ளிக்கு வந்து சேரும் ரவியின் அலைச்சலைவிட, அவன் வந்திறங்கும் நிலமே மாணவரை இழுத்து வைத்திருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலை விலகி வழிவிடும் பாலக்காட்டுக் கணவாயும், அதன் வழியே கிழக்கிலிருந்து வரும் காற்றும், அந்தக் காற்றில் சலசலக்கும் பனைகளும் அந்நாவலின் மாந்தர்களுக்கு நிகரானவை. கேரளத்தின் பிற பகுதிகளைத் தென்னை அடையாளப்படுத்தினால், பாலக்காட்டை அடையாளப்படுத்துவது பனை. அந்தப் பனையே தமிழ்நாட்டின் மாநில மரம். விஜயனின் மலையாளத்திலேயே பாலக்காட்டுப் பேச்சும் அதனுள் கரைந்த தமிழும் உண்டு. ஆதலால் தமிழாக்கத்தைப் படிக்கும்போது சில சொற்கள் மொழிபெயர்க்கப்பட்டவையாகத் தோன்றுவதில்லை. வெளியூர் போய் வீடு திரும்பியவையாகத் தோன்றுகின்றன.

மற்றொன்று பதிற்றுப்பத்து. உ. வே. சாமிநாதையர் 1904இல் பழைய உரையுடன் பதிப்பித்த நூல். முதற்பத்தும் பத்தாம் பத்தும் கிடைக்காமல் எண்பது பாடல்களே எஞ்சியுள்ளன. பாடுவோர் தமிழ்ப் புலவர். பாடப்படுவோர் சேர மன்னர். இன்றைய வரைபடத்தை அதன்மேல் விரித்தால் நூலை நடுவே கிழிக்க வேண்டியிருக்கும். மாணவருக்கு இதில் பிடித்தது வேறொரு நுட்பமும்கூட: பாடலுக்குள் வரும் அரிய தொடர் ஒன்றே அப்பாடலுக்குப் பெயராக நிற்கிறது. ஒரு முழுப்பாடலை ஒரு தொடரால் நினைவில் வைக்கும் அந்த வழக்கம், சொற்களைச் சீட்டில் எழுதிச் சேர்ப்பவருக்கு நெருக்கமாகப் படுவதில் வியப்பில்லை.

கேட்டவற்றுள் முதலிடம் எம். எஸ். விசுவநாதனுக்கு. 1928இல் பாலக்காட்டை அடுத்த எலப்புள்ளியில் பிறந்தவர் அவர். தமிழ்நாட்டுப் பள்ளிகளில் நாள்தோறும் பாடப்படும் தமிழ்த்தாய் வாழ்த்துக்கு இசையமைத்தவரும் அவரே. அப்பாடலின் ஆசிரியர் மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளை 1855இல் ஆலப்புழையில் பிறந்து திருவனந்தபுரத்தில் பேராசிரியராக விளங்கியவர். தமிழுக்கு அரசு முறையில் வணக்கம் சொல்லும் பாடலின் சொல் ஆலப்புழையில் பிறந்தவருடையது. இசை எலப்புள்ளியில் பிறந்தவருடையது. கோவிந்தாபுரத்தில் நின்று பார்த்தால் இரண்டுமே எல்லைக்கு மேற்கே! எழுந்து நின்று பாடும்போது எவரும் இதை எண்ணிப் பார்ப்பதில்லை. எண்ணிப் பார்க்கத் தேவையில்லாமல் இருப்பதே அப்பாடலின் வெற்றி.

அடுத்தவர் எம். டி. இராமநாதன் (1923–1984). பாலக்காடு மாவட்டத்து மஞ்சப்பிரையில் பிறந்து, டைகர் வரதாச்சாரியாரிடம் பயின்று, சென்னைக் கலாக்ஷேத்திராவில் ஆசிரியராக இருந்தவர். ஆசிரியர்மீது கொண்ட பற்றால் தம் பாடல்களில் ‘வரததாசன்’ என்னும் முத்திரையைப் பதித்தார். கனத்த குரலும் அவசரப்படாத காலப்பிரமாணமும் அவருக்குரியவை. விரைவைத் திறமையென்று கொண்டாடிய மேடைகளில் அவர் ஒரு சுரத்தின்மேல் தங்கிக் காட்டினார். கள ஆய்வு ஒலிப்பதிவுகளை எழுத்தாக்கும் நாள்களில் மாணவர் இடையிடையே அவரைக் கேட்கிறார். பேசுபவர் மூச்சுவிடும் இடத்தையும் குறித்துக்கொள்ள வேண்டிய வேலைக்கு அந்த நிதானம் நல்ல பயிற்சியாக அமைகிறது.

மூன்றாவது, தோல்பாவைக்கூத்தின் ஒலிப்பதிவு. பாலக்காட்டிலும் அதனை ஒட்டிய மாவட்டங்களிலும் பகவதி கோயில்களின் கூத்துமாடங்களில் நிகழும் இந்நிழற்கூத்து, கம்பராமாயணப் பாடல்களை அடிப்படையாகக் கொண்டது. திரைக்குப் பின்னே தேங்காய் மூடிகளில் 21 விளக்குகள் எரிய, பாவைகளை இயக்கும் புலவர்கள் கம்பன் பாடலைச் சொல்லித் தமிழும் மலையாளமும் கலந்த நடையில் விளக்கம் விரிப்பர். தாரிகனோடு போரிட்டுக்கொண்டிருந்த பத்ரகாளி இராம இராவணப் போரைக் காணத் தவறியதால் அவளுக்காக இது நடத்தப்படுகிறது என்பது மரபு. எனவே எதிரே ஒருவரும் இல்லாத இரவிலும் கூத்து நிற்பதில்லை. ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1996இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட ஆய்வுநூல் இக்கூத்தின் இந்தத் தனிமையைப் பற்றி விரிவாகப் பேசுகிறது. மலையாள நாட்டுக் கோயில் வளாகத்தில், கேட்பார் இல்லாத நள்ளிரவில், கம்பன் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டு வருகிறான். வாசகர் எண்ணிக்கையை நினைத்துச் சோர்வடையும் எந்த ஆய்வாளருக்கும் இதைவிட நல்ல மருந்து இல்லை.

சேகரிப்பில் அவரிடம் இருப்பது சொற்சீட்டுப் பெட்டி. பேருந்துப் பயணச்சீட்டின் பின்புறமே பெரும்பாலும் எழுதுதாள். கருவியில் அச்சாகும் சீட்டில் ஊர்ப்பெயரும் கட்டணமும் சில மாதங்களில் மங்கி மறைகின்றன. பின்னால் பென்சிலில் எழுதிய சொல் நிலைக்கிறது. எந்தப் பேருந்தில் கேட்ட சொல் என்பது போய், சொல் மட்டும் எஞ்சுவது ஆய்வுக்கு நட்டம்தான். அதனால் நாளையும் இடத்தையும் அவர் இப்போது கையாலேயே எழுதிவிடுகிறார்.

பெட்டியில் உள்ள சில சீட்டுகள் தனியே குறிப்பிடத்தக்கவை. ‘வெள்ளம்’: கோட்டுக்கு இப்புறம் குடிக்கும் தண்ணீர், அப்புறம் ஊரை அழிக்கும் பெருக்கு. ‘பனி’: இங்கே காய்ச்சல், அங்கே மார்கழிக் காலையில் புல்லின்மேல் இருப்பது. ‘பறைதல்’: மலையாளத்தின் அன்றாடச் சொல், பழந்தமிழிலும் சொல்லுதல் என்றே பொருள், யாழ்ப்பாணத்துப் பேச்சில் இன்றும் வாழ்கிறது. இச்சீட்டை எந்தப் பத்தியில் வைப்பது? மலையாளத்தில் வைத்தால் பழந்தமிழும் யாழ்ப்பாணமும் விடுபடும். தமிழில் வைத்தால் இதே சொல்லை நாள்முழுதும் புழங்கும் பக்கத்து வீட்டார் விடுபடுவர். பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் கேரளத்துக்கு அளந்து விடப்படுகிறது. சொல்லுக்கு மதகும் இல்லை, அளவுகோலும் இல்லை.

பெட்டியிலேயே அவருக்கு மிகவும் பிடித்த சீட்டு ‘கடி’. கேரளத்துச் சாயாக்கடையில் தேநீரோடு எடுத்துக்கொள்ளும் எந்தப் பலகாரமும் கடி. தமிழ்நாட்டுக் கல்லூரி விடுதியில் கடி என்றால் சிரிப்பு வராத சிலேடை. தொல்காப்பிய உரியியலிலோ அச்சொல்லுக்குக் காப்பு, கூர்மை, புதுமை, விரைவு, சிறப்பு, அச்சம் முதலாகப் பல பொருள்கள். கரிப்பும் அவற்றுள் ஒன்று. காரமான பருப்பு வடையைக் கடித்தபடி உரியியலைப் புரட்டும் ஒருவருக்கு, இலக்கணிகளும் நாக்கின் துணையோடுதான் சொற்பொருள் கண்டார்களோ என்ற ஐயம் எழுவது இயல்பே.

கொறிப்புப் பட்டியலில் முதலாவது பழம்பொரி. பழுத்த நேந்திரனை நீளவாக்கில் சீவி மாவில் தோய்த்துப் பொரிப்பது. கோட்டுக்குக் கிழக்கே அதே எண்ணெய்ச் சட்டியில் வாழைக்காய் பஜ்ஜி மிதக்கிறது. ஒன்று இனிப்பு, மற்றொன்று காரம். அடுத்து, எம். எஸ். வி. பிறந்த எலப்புள்ளியைச் சேர்ந்த இராமசேரியின் இட்டலி. மண்பானை வாயில் வலைபோல் நூல் கட்டி, அதன்மேல் துணி விரித்து மாவூற்றி ஆவியில் வேகவைக்கும் தட்டை இட்டலி அது. காஞ்சிபுரத்திலிருந்து குடிபெயர்ந்த முதலியார் குடும்பங்களின் கைப்பக்குவம் என்பர். தேங்காயெண்ணெயில் குழைத்த பொடியோடு உண்ணும்போது காஞ்சியும் கேரளமும் ஒரே கவளத்தில் சேர்கின்றன. மூன்றாவது முதலமடை மாங்காய். நாட்டின் பிற மாம்பழங்களுக்கு முன்னதாகச் சந்தையை எட்டும் பெருமை அதற்கு உண்டு. உப்பும் மிளகாய்த்தூளும் தூவிய பத்தை நாக்கில் பட்டதும் கண் தானாக மூடும். ஆயினும், 2011இல் உச்ச நீதிமன்றம் எண்டோசல்பானுக்குத் தடை விதித்த காலத்து விவாதங்களில் காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களோடு இம்மாந்தோப்புகளும் பேசப்பட்டதை மாணவர் அறிவார். கழுவாமல் அவர் உண்பதில்லை.

இதுவரை பட்டியல் இனிமையாகவே செல்கிறது: எல்லை பொய், சுவை மெய். இவ்விடத்தில் முடித்திருந்தால் எல்லாருக்கும் பிடித்த பதிவாக இருந்திருக்கும். ஆனால், தேநீரைப் பற்றி இன்னும் எழுதவில்லை.

2017ஆம் ஆண்டில் கோவிந்தாபுரம் இரண்டு காரணங்களால் மாற்றம் கண்டது. ஜூலை 1 அன்று சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்ததால் மாநில எல்லைகளில் வணிகவரிச் சோதனை முடிவுக்கு வந்தது. லாரிகளின் நீண்ட வரிசை குறைந்தது. அதே ஆண்டில் இவ்வூரின் அம்பேத்கர் குடியிருப்பு கேரளச் செய்திகளில் இடம்பெற்றது. தேநீர்க்கடைக் குவளையிலும் குடிநீர் பிடிக்கும் இடத்திலும் தங்களுக்குப் பாகுபாடு காட்டப்படுவதாக அங்கு வாழும் சக்கிலியர் சமூக மக்கள் புகார் கூறினர். தீண்டாமையை ஒழித்த அரசியலமைப்பின் 17ஆம் பிரிவுக்கு அப்போது வயது அறுபத்தேழு. இரட்டைக் குவளை முறை என்று கோட்டுக்குக் கிழக்கே பெயர் பெற்ற வழக்கம், மேற்கேயும் பேசப்பட்டது. சரக்குக்கு இருந்த தடை ஒரு சட்டத்தால் நீங்கிய ஆண்டில், குவளைக்கு இருந்த தடை பேசுபொருளாயிற்று. கம்பனும் மாங்காயும் வடையும் மட்டுமல்ல, சாதியும் எந்தச் சோதனையும் இன்றி எல்லை கடந்திருக்கிறது.

அந்தச் செய்திகளைப் படித்த பின்னர், பிடித்த தேநீர்க்கடை எது என்ற கேள்விக்குச் சுவையை மட்டும் வைத்து விடை சொல்ல முடியாது. பக்கத்தில் யார் உட்கார்ந்து குடிக்கிறார்கள், எந்தக் குவளையில் குடிக்கிறார்கள் என்பதும் சுவையின் பகுதியாகிறது. விருப்பம் என்பது தனிமனிதருடையது என்று எண்ணுவது எளிது. ஒருவர் எதை விரும்பலாம் என்பதற்கு முன்னால் எதைத் தொடலாம், எங்கே அமரலாம் என்று ஊர் தீர்மானித்துவிட்டால், பிடித்தவை பட்டியல் எழுதுவதே சிலருக்கு மட்டும் வாய்த்த வசதியாகிவிடும்.

மாணவரின் பத்திகள் இரண்டும் இங்கேதான் போதாமல் போயின. கொங்கு வட்டாரத்து அருந்ததியருள் வீட்டில் தெலுங்கும் வெளியில் தமிழும் பேசுவோர் பலர். எல்லைக்கு மேற்கே வாழ்வோருக்குப் பள்ளியிலும் அலுவலகத்திலும் மலையாளமும் சேரும். தமிழா மலையாளமா என்று இரு மாநிலங்களும் வாதிடும் எல்லையில் மூன்று மொழிகளையும் புழங்கும் மக்கள், அந்த வாதத்தில் ஒரு தரப்பாகவும் எண்ணப்படுவதில்லை. அவர்கள் குழந்தையைக் கொஞ்சும் சொல், பசியைச் சொல்லும் சொல், தின்பண்டத்துக்கு வைத்த பெயர் ஆகியவை அகராதியில் ஏறாவிட்டால், ‘எல்லையோர வழக்கு’ என்னும் ஆய்வுத்தலைப்பு பாதி ஊரைப் பற்றியதாகவே நிற்கும்.

ஆகவே பட்டியல் இப்போது மூன்று பத்திகளாக வரையப்பட்டுள்ளது. பறைதல், கடி போன்ற சொற்கள் முதல் இரண்டுக்கும் நடுவே, கோட்டின்மேலேயே எழுதப்பட்டுள்ளன. மூன்றாம் பத்தியை நிரப்ப வேண்டியவர்கள் குடியிருப்பின் மூத்த பெண்கள். தகவலாளர் என்ற பெயரில் அவர்களை ஆய்வேட்டின் பின்னிணைப்புக்கு அனுப்பாமல், எந்தச் சொல் எந்தப் பொருளில் வரவேண்டும் என்று தீர்மானிக்கும் இடத்தில் உட்கார வைப்பது எப்படி என்பதே மாணவர் தம் நெறியாளரோடு இப்போது விவாதிக்கும் செய்தி. அந்த விவாதம் முடியும்வரை பிடித்தவை பட்டியலில் தேநீருக்கு நேரே உள்ள இடம் வெறுமையாகவே இருக்கும்.