கைபட்ட பொருளின் விலை

வீட்டுக்குப் பணம் தேவைப்படும்போது பெண்ணிடம் இருப்பதில் எது முதலில் வெளியே போக வேண்டும் என்பதற்கு நம்மிடம் எழுதப்படாத வரிசை ஒன்று உண்டு. முதலில் வளையல், பிறகு சங்கிலி, கடைசியில் தாலிக்கொடி. அடகுக்கடைக்குப் போகும் வழி எல்லாப் பெண்களுக்கும் தெரியும். அந்த வரிசையில் இல்லாத ஒன்றை விற்கலாமா என்றுதான் இந்த ஆண்டு மூன்று மாதம் யோசித்துக்கொண்டிருந்தேன். என் வீடியோ கேம்களை.

நாற்பத்தைந்து வயது தமிழ்ப் பேராசிரியைக்கு வீடியோ கேம் சேகரிப்பா என்று கேட்பவர்கள் உண்டு. அண்ணன் தபால்தலை சேர்த்தபோதும், என்னுடன் பணிபுரியும் ஆண் ஒருவர் பழைய கேமராக்களை அலமாரி முழுக்க அடுக்கியிருப்பதைக் காட்டும்போதும் யாரும் வயதைக் கேட்டதில்லை. ஆண் சேர்த்தால் சேகரிப்பு, பெண் சேர்த்தால் அடசல். என் வீட்டில் அது ‘மேல் செல்ப்பில் இருக்கிற பொம்மைங்க’.

அந்தப் பொம்மைகளில் முதலாவது 1988இல் சிங்கப்பூரிலிருந்து சித்தப்பா கொண்டுவந்தது. நின்டெண்டோ நிறுவனத்தின் ‘கேம் அண்ட் வாட்ச்’ வரிசையில் வந்த டாங்கி காங். புத்தகம்போல் மடித்துத் திறக்கும் ஆரஞ்சு நிறக் கருவி. உள்ளே இரண்டு திரைகள். 1982இல் வெளிவந்தது. கும்பே யோக்கோய் என்ற பொறியாளர் இதற்காக வடிவமைத்த சிலுவைக்குறிப் பொத்தான்தான் பிறகு உலகெங்கும் கட்டைவிரலுக்குப் பழகிப்போனது. உச்சியில் ஒரு பெண்ணைக் குரங்கு பிடித்துவைத்திருக்கும். அவள் உதவி கேட்டபடி நிற்பாள். கீழிருந்து தச்சன் ஒருவன் உருண்டுவரும் பீப்பாய்களைத் தாண்டி ஏறிப்போய் அவளை மீட்க வேண்டும்.

“பையனுக்கு” என்று சொல்லித்தான் சித்தப்பா அதைக் கொடுத்தார். எனக்கும் அக்காவுக்கும் கவுன் துணி. பத்து வயது அண்ணன் பகலெல்லாம் ஆடுவான். அவன் தூங்கிய பிறகு போர்வைக்குள் சத்தத்தைத் தலையணையால் அமுக்கி நான் ஆடுவேன். எனக்கு எட்டு வயது. அண்ணனுக்கு ஆறு மாதத்தில் கிரிக்கெட் மட்டை வந்தது, இது என்னிடம் தங்கிவிட்டது. ஜியாமெட்ரி பாக்ஸ் காம்பஸ் முனையால் பின்பக்கம் என் பெயரைக் கீறிவைத்தேன். பதினைந்து வயது அக்காவுக்கு இரண்டு இடத்திலும் பங்கில்லை. அவள் வயதுக்கு வந்து இரண்டு ஆண்டு ஆகியிருந்தது, அடுக்களையில் இருந்தாள்.

வகுப்பில் அகப்பாடல் நடத்தும்போது இதைச் சொல்வேன். சங்கப் பெண்களுக்கு ஓரை, கழங்கு, வண்டல், சிற்றில், பாவை என்று விளையாட்டுகள் ஏராளம். பிறகு இற்செறிப்பு வரும். பெண் வீட்டுக்குள் நிறுத்தப்படுவாள், விளையாட்டு முடிந்துபோகும். அவள் உடன்போக்கில் போய்விட்டால், விட்டுச்சென்ற பாவையையும் கழங்கையும் பார்த்துப் பார்த்துத் தாய் அழுவாள். விளையாட்டுப் பொருள் தாயின் துயரத்துக்குச் சாட்சியாக இலக்கியத்துக்குள் வருகிறது. அந்தக் கழங்கு அவளுக்குச் சொந்தமாக என்னவாக இருந்தது என்று கேட்கும் இடம் குறைவு.

சம்பாதிக்கத் தொடங்கியபின் நானே வாங்கினேன். சிங்கப்பெருமாள் கோவில் ரயில் நிலையத்தில் ஏறினால் நேராகக் கடற்கரை நிலையம். எதிரே பர்மா பஜார். பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களுக்காக 1969இல் உருவான அந்தக் கடைவரிசையில், ஆய்வு மாணவியாக இருந்தபோது உதவித்தொகையில் மிச்சம்பிடித்து, பெட்டியோடு இருந்த மூன்று கேம் அண்ட் வாட்ச்களை வாங்கினேன். பிறகு ஒரு கருத்தரங்குக்காகச் சிங்கப்பூர் போனபோது, பழைய சரக்கைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்த கடையில் ஒரு கேம் பாயும், ‘போக்கிமான் ரெட்’ கேட்ரிட்ஜ் இரண்டும். ஒன்றைத் திறந்து ஆடினேன். மற்றதன் பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கவே இல்லை. முதலாவது கெட்டுப்போனால் பார்த்துக்கொள்ளலாம் என்ற நடுத்தரவர்க்கச் சிக்கனம்தான் காரணம்.

அந்த ஆட்டத்தில் நாயகன் பையன் மட்டுமே. பெண்ணாக ஆடும் வாய்ப்பு அதே வரிசையில் பிறகு வந்த ‘கிரிஸ்டல்’ பதிப்பில்தான் கிடைத்தது. நான் பையனுக்கு என் பெயரைச் சூட்டி ஆடினேன்.

இப்போது விற்கும் பேச்சு எப்படி வந்தது? அக்கா மகள் எலெக்ட்ரானிக்ஸில் டிப்ளமோ முடித்து மூன்று ஆண்டாக ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். ஒரகடம் சாலை பிரியும் இடத்தில் கம்பெனி பஸ்கள் நிற்க, கழுத்தில் அடையாள அட்டையோடு ஏறும் நூற்றுக்கணக்கான பெண்களில் ஒருத்தி. வாரம் ஒரு ஷிப்ட். சம்பளம் அப்பாவின் கடனுக்குப் போனது. அவளுக்கு நேரடி இரண்டாம் ஆண்டு பி.இ. சேர வேண்டும். அக்கா கையிலிருந்த வளையலைத் திருகிக் கழற்றத் தொடங்கினாள். வேண்டாம் என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

இந்தப் பகுதிப் பெண்களின் விரல்களை நம்பித்தான் இங்கே ஆலைகள் வந்தன. ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் தொடங்கிய நோக்கியா ஆலையில் பெரும்பாலோர் இளம் பெண்கள். உலகம் முழுக்க ஆடிய பாம்பு விளையாட்டு இருந்த போன்கள் அவர்கள் கையைத் தாண்டித்தான் போயின. 2014 நவம்பர் 1 அன்று ஆலை நின்றது. அவர்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் விடுதி வளாகம் திறக்கப்பட்டது. அத்தனை விரல்கள் இன்றும் தேவைப்படுகின்றன. பெண்களின் ‘லாவகமான விரல்கள்’ இயற்கை தந்தவை அல்ல, வீட்டில் தைத்தும் பின்னியும் பயின்றவை; பயிற்சி வீட்டுக்குள் நடப்பதால் அதைத் திறமை என்று கணக்கில் எடுக்காமல் குறைந்த கூலி கொடுக்க முடிகிறது என்று டயான் எல்சனும் ரூத் பியர்சனும் 1981இலேயே எழுதினார்கள். அக்கா மகள் அந்தக் கட்டுரையைப் படித்ததில்லை. “என் கைய மட்டும் வெச்சுக்கிட்டு மீதிய வீட்டுக்கு அனுப்பிடுவாங்க போல சித்தி” என்று ஒருநாள் சொன்னாள்.

ஆட்டங்களை வடிவமைக்கும் மேசையில் பெண்கள் இல்லாமலில்லை. 1982இல் ‘ரிவர் ரெய்ட்’ என்ற புகழ்பெற்ற ஆட்டத்தை எழுதியவர் கரோல் ஷா. நான்கு கிலோபைட் இடத்துக்குள் முடிவே இல்லாததுபோல் ஓடும் ஒரு நதியைக் கணக்கால் உருவாக்கினார். அதற்குமுன் அட்டாரியில் வேலை செய்தபோது, பெண் வடிவமைப்பாளர் வந்துவிட்டார், இனி நிறப்பொருத்தமும் வீட்டு அலங்காரமும் பற்றிய ஆட்டம் செய்யலாம் என்று நிறுவனத் தலைவர் சொன்னதை அவரே நினைவுகூர்ந்திருக்கிறார். தம்மிடமிருந்த ஆட்டங்களையும் அச்சிட்ட நிரல்களையும் 2017இல் அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரிலுள்ள விளையாட்டு அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். தன் பொருளை விற்பதா, வைத்துக்கொள்வதா, கொடுப்பதா என்பதை அவரே தீர்மானித்தார் என்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

சென்னையிலிருந்து ஓர் இளைஞர் பார்க்க வந்தார். கையுறை போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்தார். பிரிக்காத போக்கிமானைக் கண்டதும் குரல் தாழ்ந்தது. “மேடம், இதை யாருமே தொடலையே?” பெட்டியோடு இருந்த மூன்றுக்கும் சேர்த்து முப்பதாயிரம், பிரிக்காத ஒன்றுக்கு மட்டும் ஒன்றேமுக்கால் லட்சம் என்றார். திறந்து ஆடிய கேட்ரிட்ஜுக்கு இரண்டாயிரம். டாங்கி காங்கைத் திருப்பிப் பார்த்து முகம் சுளித்தார். “பேர் கீறியிருக்கே மேடம். இது இல்லேன்னா நல்லா போயிருக்கும்.”

அவர் சொன்னது சந்தை வழக்கம்தான். 2021 ஜூலையில் உறை பிரிக்காத ‘சூப்பர் மரியோ 64’ அமெரிக்காவில் 15.6 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அடுத்த மாதமே பிரிக்காத ‘சூப்பர் மரியோ பிரதர்ஸ்’ 20 லட்சம் டாலருக்கு விற்றது. அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 15 கோடி ரூபாய். பெட்டியின் முனை மழுங்காததற்கு ஒரு மதிப்பெண், உறையின் நேர்த்திக்கு ஒரு தரக்குறி. யாரும் ஆடாமலிருப்பதே ஆட்டத்தின் பெருமை. இந்தத் தர்க்கம் எங்கே கேட்டதுபோல் இருக்கிறது என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. பெண்பார்க்க வந்தவர்கள் பேசும் பாஷை அது. கைபடாதது, குறையில்லாதது, முன்கதை இல்லாதது.

இத்தனைக்கும் அந்தக் கேட்ரிட்ஜுக்குள் ஒரு சிறு பேட்டரி இருக்கிறது. ஆடியதைச் சேமித்து வைப்பது அதுதான். வயதானால் அது தீர்ந்துபோகும். நான் ஆடியதில் தீர்ந்துவிட்டது. என் பெயர் கொண்ட பையனும் அவன் பிடித்த பிராணிகளும் அழிந்துபோனார்கள். பிரிக்காத பெட்டிக்குள்ளும் அதே பேட்டரி அதேபோல் தேய்ந்துகொண்டிருக்கும். யாரும் திறக்கப்போவதில்லை என்பதால் அது விலையைக் குறைப்பதில்லை. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் பல்லாங்குழிப் பலகைகளைப் பார்த்திருக்கிறேன். எத்தனையோ பெண்களின் விரல்பட்டு வழவழத்த குழிகள். அந்தப் பலகைக்கு மதிப்பு அந்த விரல்களிலிருந்து வந்தது.

விலைச் செய்தி குடும்பத்துக்குள் பரவியதும் அண்ணன் போன் செய்தான். “அந்த டாங்கி காங் எனக்குன்னுதானே சித்தப்பா வாங்கிட்டு வந்தாரு?” முப்பத்தேழு ஆண்டாக அது எங்கே இருக்கிறது என்று அவன் கேட்டதில்லை. பிறப்பால் மகளுக்கும் சொத்தில் சமபங்கு என்று தமிழ்நாடு சட்டத்திருத்தம் கொண்டுவந்தது 1989இல். வீடும் நிலமும் சட்டத்துக்குள் வந்துவிட்டன, பொம்மைகள் வரவில்லை. “பின்னாடி யார் பேர் இருக்குன்னு பாத்துட்டுப் பேசுண்ணா” என்றேன். சந்தையில் விலையைக் குறைத்த கீறல், வீட்டில் என் பட்டாவாக நின்றது.

அதற்குப் பிறகு எதை விற்பது என்பதில் குழப்பம் இருக்கவில்லை. பிரிக்காத போக்கிமானையும் பெட்டியோடு இருந்த மூன்றையும் கொடுத்தேன். டாங்கி காங்கையும் ஆடிய கேட்ரிட்ஜையும் வைத்துக்கொண்டேன். இரண்டு லட்சத்து ஐந்தாயிரம் வந்தது. அக்கா மகள் பெயரில் உள்ள வங்கிக்கணக்கில் போட்டேன், வீட்டுப் பொதுக்கணக்கில் அல்ல.

தியாகம் என்ற சொல்லை உறவினர்கள் சிலர் உடனே எடுத்துவந்தார்கள். அதைத் திருப்பி அனுப்பிவிட்டேன். பெண் தன் பணத்தைத் தானே தீர்மானித்துச் செலவழித்தால் அதற்கும் தியாகம் என்று பெயரிடும்போது, தீர்மானித்தது அவள் என்பது மறைந்துபோகிறது. நான் வாங்கினேன், ஆடினேன், விற்றேன். வேலைக்குப் போனபின் திருப்பிக் கொடுத்தால் போதும் என்று அக்கா மகளிடம் சொல்லியிருக்கிறேன். அவள், “வட்டி உண்டா சித்தி?” என்று கேட்டாள். “உண்டு, நீ ஒரு கேம் செஞ்சு காட்டணும்.” சிரித்தாள். கலந்தாய்வில் இடம் கிடைத்து இப்போது கல்லூரிக்குப் போகிறாள்.

வளையல் அக்காவின் கையில்தான் இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை வந்தவள் மேஜைமேல் கிடந்த டாங்கி காங்கை எடுத்துப் பிரித்துப் பார்த்தாள். பட்டன் பேட்டரி போட்டால் இன்னும் ஓடுகிறது. “எத அழுத்துனா குதிப்பான்?” என்றாள். காட்டினேன். அடுப்பில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. நான் போய் இறக்கினேன். முதல் ஆட்டத்தில் பதினொரு புள்ளி எடுத்தாள்.